ரைலியின் அம்மா கேட்ட சின்ன உதவி

புது ஊர், புது வீடு. சாமான் ஏற்றிய லாரி இன்னும் வந்து சேரவில்லை. கட்டில் இல்லாததால் பதினொரு வயது ரைலி தரையில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்திருக்கிறாள். அறை பிடிக்கவில்லை, தெரு பிடிக்கவில்லை, இந்த ஊரில் பீட்சாவில்கூட ப்ரோக்கோலியைத்தான் போடுகிறார்கள். பகல் முழுக்கச் சேர்ந்த எரிச்சலைக் கொட்டிவிடலாம் என்று அவள் வாயெடுக்கும் நேரத்தில் அம்மா பக்கத்தில் வந்து நன்றி சொல்கிறார். இவ்வளவு குழப்பத்திலும் நீ எங்கள் சந்தோஷமான பெண்ணாகவே இருந்தாய் என்கிறார். அப்பாவுக்குப் புதுத் தொழிலில் நெருக்கடி. நாம் இரண்டு பேரும் சிரித்த முகமாக இருந்தால் அது அவருக்குப் பெரிய உதவி என்கிறார். ரைலி சரி என்கிறாள்.

அம்மா சொன்னதில் ஒரு சொல்கூடக் கடுமையானது இல்லை. அன்பாகத்தான் கேட்கிறார், உண்மையாகவே நன்றி சொல்கிறார். ஆனால் அந்த நேரத்தில் ரைலியின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் ‘இன்சைட் அவுட்’ படம் நமக்குக் காட்டிவிடுகிறது. அங்கே அவளுடைய உணர்ச்சிகளே பாத்திரங்கள். குறைகளை அடுக்கத் தயாராக நின்ற கோபம் பின்வாங்குகிறது. அம்மாவே சொன்ன பிறகு வேறு பேச்சு ஏது என்று மகிழ்ச்சி மறுபடி பொறுப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறது. இதற்குப் பிறகு நாம் பார்ப்பதெல்லாம் இந்தச் சின்ன உதவியின் விளைவுகள்தான். வருத்தப்பட வீட்டில் இடமில்லாமல் போன குழந்தைக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை, குடும்பத்தோடு பார்க்கும் ஓர் அனிமேஷன் படம் இவ்வளவு நேர்மையாக எடுத்துக்கொண்டது அபூர்வம். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ‘இன்சைட் அவுட்’ படத்தைத்தான்.

பிக்ஸார் நிறுவனத்தின் இந்தப் படம் 2015 மே மாதம் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, ஜூன் 19 அன்று அமெரிக்காவில் வெளியானது. இயக்குநர் பீட் டாக்டர், துணை இயக்குநர் ரானி டெல் கார்மென். அடுத்த ஆண்டு சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதையும் வாங்கியது. கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம்: மினசோட்டாவில் வளர்ந்த ஹாக்கி பைத்தியம் ரைலி, அப்பாவின் தொழிலுக்காக சான் பிரான்சிஸ்கோவுக்கு இடம்பெயர்கிறாள், அங்கே ஒட்டாமல் தவித்து, வீட்டை விட்டே கிளம்பப் பார்க்கிறாள். வெளியே நடப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அவள் தலைக்குள் நடக்கிறது.

தலைக்குள் ஒரு தலைமையகம். அதில் ஒரு கட்டுப்பாட்டு மேசை. மேசையைச் சுற்றி மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு என்று ஐந்து பேர். (அருவருப்புக்குக் குரல் கொடுத்தவர் மிண்டி கேலிங், அவருடைய அப்பா தமிழர், பிறந்தபோது வைத்த பெயரில் சொக்கலிங்கமும் உண்டு.) ரைலிக்கு நடப்பவை ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடி உருண்டையாக உருண்டு வருகின்றன, எந்த உணர்ச்சியோடு நடந்ததோ அந்த நிறம். அவற்றில் மிக முக்கியமான சில, ஆதார நினைவுகளாகத் தனியே வைக்கப்படுகின்றன. அவற்றிலிருந்து குடும்பம், நட்பு, நேர்மை, ஹாக்கி, குறும்பு என்று ஐந்து தீவுகள் எழுந்து நிற்கின்றன. ரைலி யார் என்று கேட்டால் அந்தத் தீவுகள்தான் பதில்.

இந்த ஏற்பாட்டில் மகிழ்ச்சிதான் அதிகாரி. ஆரம்பத்தில் மற்றவர்களை அவள் நமக்கு அறிமுகப்படுத்துவதைக் கவனித்துப் பாருங்கள். பயம் எதற்கு? ரைலியை ஆபத்திலிருந்து காக்க. அருவருப்பு? கண்டதைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள. கோபம்? நியாயம் தவறாமல் இருக்க. சோகத்தின் முறை வரும்போது மட்டும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இவள் எதற்கு இருக்கிறாள் என்றே தெரியவில்லை, அனுப்பிவிட வேறு இடமும் இல்லை என்கிறாள். பள்ளிக்கூடத்தின் முதல் நாளன்று தரையில் ஒரு வட்டம் போட்டு, உன் வேலை இதை விட்டு வெளியே வராமல் இருப்பதுதான் என்று சோகத்தை அதற்குள் நிற்க வைக்கிறாள். முகம் முழுக்கச் சிரிப்போடுதான் இதைச் செய்கிறாள். குழந்தைகள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். நமக்கோ, நம் வீட்டில் எத்தனை முறை இப்படி வட்டம் போட்டிருக்கிறோம் என்று மனசு எண்ணத் தொடங்கிவிடும்.

படம் உருவான பின்னணி இதற்கு நெருக்கமானது. பீட் டாக்டரின் மகள் சிறுமியாக இருந்தபோது துறுதுறுவென்று இருப்பாள். 2009இல் வந்த அவருடைய முந்தைய படத்தில் சிறுமிக்குக் குரல் கொடுத்தவளே அவள்தான். பதினொரு வயதை எட்டும்போது அமைதியாகிவிட்டாள், ஒதுங்கத் தொடங்கினாள். இவள் தலைக்குள் என்னதான் நடக்கிறது என்று அப்பாவுக்கு எழுந்த கேள்விதான் படத்தின் விதை. பீட் டாக்டருக்கு இது அந்நியமான விஷயமும் இல்லை. அவர் சிறுவனாக இருந்தபோது, அப்பாவின் இசை ஆராய்ச்சிக்காகக் குடும்பமே டென்மார்க்குக்கு இடம்பெயர்ந்தது. மொழி தெரியாத ஊரில், கூச்ச சுபாவத்தோடு, படம் வரைந்துகொண்டு காலம் தள்ளிய பையன் அவர்.

மனசைப் பற்றிப் படம் எடுக்கக் கற்பனை மட்டும் போதாது என்று படக்குழு உளவியலாளர்களைத் தேடிப் போனது. முக்கியமாக இரண்டு பேர். ஒருவர் பால் எக்மன். 1960களின் இறுதியில் பாப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் வெளியுலகத் தொடர்பு அதிகமில்லாத ஃபோரே மக்களிடம் போய் முகபாவனைப் புகைப்படங்களைக் காட்டி, சில உணர்ச்சிகளின் முகக்குறிகள் மனிதர் எல்லாருக்கும் பொது என்று வாதிட்டவர். இன்னொருவர் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டாக்கர் கெல்ட்னர். எக்மனின் பட்டியலில் வியப்போடு சேர்த்து ஆறு அடிப்படை உணர்ச்சிகள். திரையில் வியப்பும் பயமும் ஒன்றுபோலத் தெரியும் என்று வியப்பை விட்டுவிட்டார்கள். கெல்ட்னர் இன்னும் பல உணர்ச்சிகளைச் சேர்க்கச் சொன்னார். ஒரு கதை ஐந்தாறு பாத்திரத்துக்கு மேல் தாங்காது என்று பீட் டாக்டர் மறுத்துவிட்டார். திரைக்கதை தெரிந்தவரின் முடிவு அது, சரியான முடிவும்கூட.

ஆனால் பீட் டாக்டரே நெடுங்காலம் ஒரு தப்பான பாதையில் போய்க்கொண்டிருந்தார். இப்போதுள்ள படத்தில் மகிழ்ச்சியும் சோகமும் தலைமையகத்திலிருந்து தவறி வெளியே போய், திரும்பும் வழி தேடி அலைகிறார்கள். முதலில் எழுதப்பட்ட கதையில் மகிழ்ச்சியோடு சேர்ந்து தொலைந்துபோவது பயம். பயந்தாங்கொள்ளியோடு ஒரு பயணம் என்றால் சிரிப்புக்குப் பஞ்சம் இருக்காது. ஆனால் வருடங்கள் ஓடியும் படம் உட்காரவில்லை. கடைசியில் மகிழ்ச்சி என்ன கற்றுக்கொண்டு திரும்ப வேண்டும் என்று யாருக்கும் விடை தெரியவில்லை. பதவியை விட்டு விலகிவிடலாமா என்று யோசித்தபடி டாக்டர் ஒருநாள் நடக்கப் போனார். வேலை போனால் எதை இழப்பேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். வீடு போகலாம், சம்பளம் போகலாம். அதிகம் வலிப்பது கூட வேலை செய்த நண்பர்களின் பிரிவுதான் என்று பட்டது. அந்த நண்பர்களோடு சேர்ந்து சிரித்தது மட்டுமா? சண்டை போட்டிருக்கிறார், பயந்திருக்கிறார், வருந்தியிருக்கிறார். நெருக்கம் அதில்தான் வந்தது. மனிதரை மனிதரோடு சேர்க்கும் உணர்ச்சி சோகம், மகிழ்ச்சியோடு போகவேண்டியவள் அவள்தான் என்று திரும்பிவந்து குழுவிடம் சொன்னார். கதை தலைகீழாக மாறியது.

அந்த மாற்றம் இல்லாவிட்டால் படத்தின் மிகச் சிறந்த காட்சி பிறந்தே இருக்காது. பிங் பாங் என்று ஒரு பாத்திரம். ரைலி சின்னக் குழந்தையாக இருந்தபோது அவளுக்கு இருந்த கற்பனைத் தோழன். பாதி யானை, பாதி பூனை, கொஞ்சம் டால்பின், உடம்பு பஞ்சுமிட்டாய், அழுதால் மிட்டாய் கொட்டும். ரைலி அவனை மறந்து வருடக்கணக்கு ஆகிவிட்டது. பாட்டுப் பாடினால் பறக்கும் ஒரு தள்ளுவண்டிதான் அவனிடம் மிச்சம். இருவரும் அதில் ஏறி நிலாவுக்குப் போவதாகத் திட்டம். அந்த வண்டியையும் தலைக்குள் வேலை பார்க்கும் ஆட்கள் குப்பைப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறார்கள். அவன் அப்படியே உட்கார்ந்துவிடுகிறான்.

மகிழ்ச்சிக்கு அவசரம். ரயிலைப் பிடித்துத் தலைமையகம் போக வேண்டும். எல்லாம் சரியாகிவிடும் என்கிறாள், கிச்சுக்கிச்சு மூட்டுகிறாள், முகத்தைக் கோணலாக்கிக் காட்டுகிறாள், விளையாடலாம் வா என்கிறாள். அவன் அசையவே இல்லை. அப்போது சோகம் போய்ப் பக்கத்தில் உட்காருகிறாள். உன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே, உனக்குப் பிடித்தமான ஒன்று போய்விட்டது என்கிறாள். மகிழ்ச்சி பதறுகிறாள், ஏன் அதையே கிளறுகிறாய் என்று. சோகம் கிளறவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறாள், பிறகு அவன் பேசுவதைக் கேட்கிறாள். ரைலியும் தானும் என்னென்ன செய்தோம் என்று அவன் சொல்லச் சொல்ல, ஆமாம், நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று கூடவே வருகிறாள். அவன் அவள் தோளில் சாய்ந்து அழுகிறான். அழுது முடித்ததும் எழுந்து, இப்போது பரவாயில்லை, ரயில் நிலையம் இந்தப் பக்கம் என்று நடக்கத் தொடங்குகிறான். எப்படி இதைச் செய்தாய் என்று மகிழ்ச்சி கேட்கிறாள். அவன் வருத்தமாக இருந்தான், நான் கேட்டேன் என்பதற்கு மேல் சோகத்திடம் விளக்கம் இல்லை.

இந்த ஒரு காட்சிக்குப் பின்னால் பெரிய ஆய்வு மரபே இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் காட்மன் 1990களில் குடும்பங்களை ஆராய்ந்தபோது, பிள்ளையின் கோபத்தையும் அழுகையையும் பெற்றோர் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைத் தனியாகக் கவனித்தார். சிலர் அதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுவார்கள். சிலர் கண்டிப்பார்கள். சிலர் அதை நெருங்குவதற்குக் கிடைத்த நேரமாக எடுத்துக்கொண்டு, உணர்ச்சிக்குப் பெயர் சொல்லி, காது கொடுத்துக் கேட்டு, அப்புறம்தான் வழி சொல்வார்கள். ஐந்து வயதில் பார்த்த பிள்ளைகளை எட்டு வயதில் மறுபடி பார்த்தபோது, மூன்றாவது வகைப் பெற்றோரின் பிள்ளைகள் தங்களைத் தாங்களே நிதானப்படுத்திக்கொள்வதிலும், சக பிள்ளைகளோடு பழகுவதிலும், படிப்பிலும் மேலாக இருந்தார்கள். கவனிக்க வேண்டியது, முதல் வகைப் பெற்றோர் அன்பில்லாதவர்கள் அல்லர். பிள்ளை வருந்துவதைத் தாங்க முடியாமல்தான் பேச்சை மாற்றுகிறார்கள். படத்தில் மகிழ்ச்சி செய்வதும் அதுதான், அந்த இரவில் ரைலியின் அம்மா செய்ததும் அதுதான்.

நம் வீடுகளில் இது வேறு வேறு சொற்களில் நடக்கிறது. கீழே விழுந்த குழந்தையிடம் ‘ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல’ என்கிறோம். ரத்தம் வந்துகொண்டிருக்கும். ‘ஆம்பளப் புள்ள அழலாமா?’ என்கிறோம். விருந்தாளி வந்திருக்கும்போது பிள்ளையின் கண் கலங்கினால், ‘நல்ல புள்ளைல்ல, சிரி பாப்போம்’. பெரிய பிள்ளையாக இருந்தால், குறிப்பாக மூத்த பெண்ணாக இருந்தால், ‘அப்பாவே கஷ்டத்துல இருக்காரு, நீயாவது புரிஞ்சுக்க’. இந்தக் கடைசி வாக்கியம் ரைலியின் அம்மா சொன்னதற்குக் கூடப்பிறந்தது. புரிந்துகொள்ளும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அடம்பிடிக்கும் பிள்ளை எப்படியும் அழுது தீர்த்துவிடும். பொறுப்பான பிள்ளை விழுங்கிவிடும்.

விழுங்கினால் உள்ளே கரைந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் போன்ற உளவியலாளர்கள் 1990களில் செய்த பரிசோதனைகள் வேறு மாதிரி சொல்கின்றன. உணர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு வருத்தமான படக்காட்சிகளைக் காட்டினார்கள். முகம் அமைதியானது. உள்ளே வருத்தம் குறையவில்லை. உடம்பின் பதற்றக் குறிகள் சில கூடவே செய்தன. 2003இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதைவிட யோசிக்க வைப்பது. இருவர் உரையாடும்போது ஒருவர் தன் உணர்ச்சியை மறைத்துக்கொண்டே பேசினால், விஷயம் தெரியாத எதிராளியின் ரத்த அழுத்தமும் ஏறியது. அப்பாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று சிரித்த முகத்தோடு இருக்கும் பிள்ளை, அப்பாவின் பாரத்தைக் குறைக்கிறதா என்பதே சந்தேகம்தான். இன்னொரு பக்கம், மனதில் உள்ளதற்கு வெறுமனே பெயர் சொன்னாலே சற்று ஆறும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. மேத்யூ லீபர்மன் குழுவின் 2007 மூளை ஸ்கேன் ஆய்வில், பார்க்கும் முகத்தின் உணர்ச்சிக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்தபோது பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதி அடங்கியது.

அப்படியானால் சோகத்தின் வேலை என்ன? படம் தன் விடையை ஒரு பழைய நினைவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. ஹாக்கி அணி ரைலியைத் தோளில் தூக்கிக் கொண்டாடும் நினைவு ஒன்று மகிழ்ச்சிக்கு மிகவும் பிடித்தது. சோகமும் அதே நாள் தனக்குப் பிடிக்கும் என்று முன்பே சொல்லியிருப்பாள். மகிழ்ச்சி அதைக் காதில் வாங்கியிருக்க மாட்டாள். பின்னால் அந்தக் குப்பைப் பள்ளத்தில் விழுந்து கிடக்கும்போது அவள் அந்த உருண்டையைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கிறாள். மஞ்சள் நிறம் நீலமாகிறது. அன்று ரைலி கோல் போடத் தவறி, ஆட்டத்தையே தோற்கடித்துவிட்டு மரக்கிளையில் தனியே உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் அணி வந்தது, தூக்கியது. ரைலி வருத்தமாக இருந்ததால்தான் அவர்கள் வந்தார்கள். கண்ணீர் என்பது சுற்றியிருப்பவர்களை உதவிக்கு அழைக்கும் குறி என்று நெதர்லாந்தின் உளவியலாளர் ஆத் விங்கர்ஹூட்ஸ் பல காலம் ஆராய்ந்து வாதிட்டு வருகிறார். அந்த வாதத்தை ஒரு கண்ணாடி உருண்டையைத் திருப்பிக் காட்டியே ஆறு வயதுப் பிள்ளைக்கும் விளங்க வைத்துவிட்டார்கள்.

தலைமையகத்தில் இதற்குள் நிலைமை முற்றிவிடுகிறது. மகிழ்ச்சியும் சோகமும் இல்லாத மேசையில் கோபம், வீட்டை விட்டு ஓடிவிடலாம் என்ற யோசனையை ஒரு விளக்குபோலச் சொருகிவிடுகிறான். அம்மாவின் கடன் அட்டையை எடுத்துக்கொண்டு ரைலி மினசோட்டா பஸ்ஸில் ஏறுகிறாள். தலைமையகத்தில் இருப்பவர்கள் பயந்துபோய் விளக்கைப் பிடுங்கப் பார்த்தால் வரவில்லை. மேசை கறுத்துக்கொண்டே வந்து, எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பதில் இல்லாமல் போகிறது. ரைலியின் முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. சோகம் வேறு, உணர்வே மரத்துப்போவது வேறு என்பதைப் பெரியவர்களுக்கான படங்கள்கூட இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. மனச்சோர்வு என்றால் எந்நேரமும் அழுதுகொண்டிருப்பது என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியை இரண்டு முறை பார்க்கலாம். திரும்பிவந்த மகிழ்ச்சி மேசைக்கு அருகே போகவில்லை. ஒதுங்கி நின்று சோகத்துக்கு வழி விடுகிறாள். விளக்கு கழன்று வருகிறது.

வீட்டுக்குத் திரும்பிய ரைலி, நான் சந்தோஷமாக இருக்கவேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஆனால் எனக்குப் பழைய ஊர் வேண்டும் என்று உடைந்து அழுகிறாள். அப்பா என்ன செய்கிறார் என்பதுதான் இங்கே முக்கியம். இந்த ஊரும் பழகிவிடும் என்று தேற்றவில்லை. எனக்கும் மினசோட்டா ஞாபகமாகவே இருக்கிறது, நாம் நடக்கப் போன காடு ஞாபகம் வருகிறது என்கிறார். நீ விளையாடிய கொல்லைப்புறம் என்று அம்மா சேர்ந்துகொள்கிறார். நீ சறுக்கி விளையாடிய ஏரி என்கிறார் அப்பா. மூன்று பேரும் கட்டிக்கொள்கிறார்கள். ரைலி ஒரு பெருமூச்சு விட்டு, அழுகையோடே மெல்லச் சிரிக்கிறாள். நீலமும் மஞ்சளும் கலந்த புது ஆதார நினைவு ஒன்று உருண்டு வருகிறது. கூர்ந்து பார்த்தால் படம் முதலிலிருந்தே இதற்குத் துப்பு வைத்திருப்பது தெரியும்: மஞ்சளாக ஒளிரும் மகிழ்ச்சியின் தலைமுடியும் கண்ணும் நீலம்.

இதுபோன்ற நுணுக்கங்கள் இன்னும் உண்டு. ரைலியின் நிஜ உலகத்தைக் காட்டும்போது கேமரா கையில் பிடித்ததுபோல லேசாக ஆடும், லென்ஸின் குறைகள்கூடத் தெரியும். தலைக்குள் போனதும் எல்லாம் வழுவழுவென்று பிசகில்லாமல் நகரும். உணர்ச்சிகளின் தோலைப் பார்த்தால் திடமான உடம்பாக இருக்காது, நுண்துகள்கள் கொதித்துக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு மேசைக் காட்சியில் அப்பா அம்மா தலைக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பார்க்கிறோம். அப்பாவின் மேசையில் நடு நாற்காலி கோபத்துக்கு. அம்மாவின் மேசையில் நடுவே உட்கார்ந்திருப்பது சோகம். அலட்டாமல், நிதானமாக நிர்வாகம் செய்துகொண்டு. மகளைச் சிரிக்கச் சொன்ன அம்மாவுக்குள் இருப்பது யார் என்று அந்த ஒரு கணத்தில் தெரிந்துவிடுகிறது.

அறிவியலோடு படம் ஒத்துப்போகாத இடங்களையும் சொல்லவேண்டும். நினைவு என்பது அலமாரியில் அடுக்கிவைத்த உருண்டை அல்ல. ஒவ்வொரு முறையும் மூளை அதைப் புதிதாகக் கட்டி எழுப்புகிறது. உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் ஒரு கார் விபத்துக் காட்சியைக் காட்டிவிட்டு, கார்கள் ‘மோதியபோது’ வேகம் என்ன என்று சிலரிடமும், ‘மோதி நொறுங்கியபோது’ வேகம் என்ன என்று சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு முதல் வகையில் 50 பேரில் 7 பேர் ஆம் என்றார்கள், இரண்டாவது வகையில் 16 பேர். காட்சியில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆனால் படத்தில் சோகம் தொட்டதும் பழைய நினைவின் நிறம் மாறுகிறதே, அது உண்மைக்கு நெருக்கமானது. ஒரு நினைவை எடுத்துப் பார்க்கும்போது அது இளகி, மாறக்கூடிய நிலைக்கு வருகிறது என்று 2000ஆம் ஆண்டில் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது. இன்றைய மனநிலை நேற்றைய நினைவுக்கும் சாயம் ஏற்றும்.

அடிப்படை உணர்ச்சிகள் இத்தனைதான், அவை எல்லாருக்கும் பொது என்ற எக்மனின் கருத்துக்கும் எதிர்ப்பு உண்டு. லிசா ஃபெல்ட்மன் பாரெட் போன்ற உளவியலாளர்கள், உணர்ச்சிகள் பிறவியிலேயே பெட்டி பெட்டியாக மூளைக்குள் அமர்ந்திருப்பதில்லை, உடம்பின் நிலை, கற்ற சொற்கள், வளர்ந்த பண்பாடு எல்லாம் சேர்ந்து அவ்வப்போது உருவாக்கிக்கொள்பவை என்கிறார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. படம் பார்க்கும் பிள்ளைக்கு அது குறுக்கே நிற்காது என்பது என் எண்ணம். ‘எனக்குள்ள இப்ப கோபம் நிக்குது’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, தானும் கோபமும் ஒன்றல்ல என்று அறிந்துகொண்டது. அது எந்தக் கோட்பாட்டின்படி பார்த்தாலும் லாபம்.

2024இல் இரண்டாம் பாகம் வந்தது. இயக்கம் கெல்சி மான். ரைலிக்கு இப்போது பதின்மூன்று வயது. பதற்றம், பொறாமை, சலிப்பு, கூச்சம் என்று நான்கு பேர் புதிதாக வந்து சேருகிறார்கள். முதல் பாகம் 85 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது என்றால், இது ஏறத்தாழ 170 கோடி டாலர். பாத்திரங்கள் கூடிப்போனதால் முதல் படத்தின் ஆழம் இதில் இல்லை என்பது என் கருத்து. ஆனால் ஹாக்கி மைதானத்தின் ஓரத்தில் தண்டனைக் கூண்டில் உட்கார்ந்து ரைலி மூச்சுக்குத் திணறும் காட்சிக்காகவே இதையும் பார்க்கவேண்டும். உள்ளே பதற்றம் மேசையைச் சுற்றிச் சூறாவளியாகச் சுழல்கிறாள்; அவளுக்கே நிறுத்தத் தெரியவில்லை, கண்ணில் நீர் நிற்கிறது. ரைலிக்கு நல்லது செய்யத்தான் அவளும் வந்தாள். பரீட்சைக்கு முந்தின நாள் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் காட்சியை விளக்கவே தேவையிருக்காது.

முதல் பாகத்தை எந்த வயதில் காட்டலாம் என்று கேட்கிறார்கள். ஐந்து வயதுக்குக் கீழே வண்ணமும் ஓட்டமும்தான் பிடிபடும். ஏழெட்டு வயதில் கதை முழுசாக விளங்கும். பத்து பதினொன்றில் பிள்ளை பார்ப்பதைவிட நீங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். முடிந்ததும் கேள்வித்தாள்போல எந்த உணர்ச்சி பிடித்தது, என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் பதில் வராது. உங்கள் மேசையில் இன்று யார் நின்றார்கள் என்று நீங்கள் முதலில் சொல்லிப் பாருங்கள். ஆபீஸில் நடந்ததோ, பாட்டி ஞாபகமோ, எது உண்மையோ அது. ரைலியின் அப்பா செய்ததும் அவ்வளவுதானே.

பிங் பாங் போகும் இடத்துக்கு மட்டும் தயாராக இருங்கள். மகிழ்ச்சி மேலே ஏறித் தப்பிக்கட்டும் என்று அவன் வண்டியிலிருந்து குதித்துவிட்டு, மறதிப் பள்ளத்தில் நின்று கையசைத்தபடியே கரைந்துபோவான். ஏழு வயதுக்குள் 65 சதவீதம் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு கற்பனைத் தோழமை இருந்திருக்கிறது என்று ஆரிகன் பல்கலைக்கழகத்தின் மார்ஜரி டெய்லர் குழு 2004இல் எழுதியது. உயிர் கொடுத்துப் பேசும் பொம்மைகளையும் சேர்த்த கணக்கு அது. ஆகவே பிள்ளைகளுக்கு அவன் யாரோ அல்ல. ‘அவன் செத்துட்டானா?’ என்று கேட்டால், இல்லை, திரும்ப வருவான் என்று சமாளிக்க வேண்டாம். ஆமாம், போய்விட்டான், எனக்கும் அங்கே அழுகை வந்தது என்று சொல்லலாம். அதற்குமேல் பேச்சைப் பிள்ளையே எடுத்துக்கொண்டு போகும். போன வருடம் வேறு ஊருக்குப் போன சிநேகிதி, காது பிய்ந்ததால் நீங்கள் தூக்கிப்போட்ட கரடி பொம்மை என்று எதெதுவோ வரும். கரடியைத் தூக்கிப்போட்டது பிள்ளைக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.